மனாவக் மாதா கோயில்: போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மணிலாவில் நான் வேலை பார்த்த நாட்களில், சில திங்கட்கிழமைகளில் அலுவலக மேசைமேல் குச்சி குச்சியாக வாழையிலைப் பொட்டலங்கள் கிடக்கும். இலை முழுக்கத் தீயில் கரிந்திருக்கும், தொட்டால் விரலில் கரி ஒட்டும். உள்ளே இருப்பது 'துப்பிக்' என்ற அரிசிமாவுப் பலகாரம். பார்த்ததுமே தெரிந்துவிடும், யாரோ மனாவக் போய் வந்திருக்கிறார் என்று. புதுக் கார் வாங்கியவராக இருக்கும், வெளிநாட்டு வேலைக்கு விசா கிடைத்தவராக இருக்கும், அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தவராக இருக்கும். ஒரு சனிக்கிழமை நானும் அவர்களோடு வண்டியில் ஏறினேன். அப்புறம் இன்னும் சில முறை போயாயிற்று. அந்த ஊரைப் பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும், முதல் தடவை போனபோது நானே கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மனாவக் எங்கே இருக்கிறது?

பிலிப்பைன்ஸின் பெரிய தீவான லூசோனில், பங்கசினான் மாகாணத்தில் இருக்கிறது. மணிலாவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 'ஆசின்' என்றால் உப்பு, 'பங்கசினான்' என்றால் உப்பு விளைவிக்கும் இடம். மாகாணத்தின் கடலோரத்தில் உப்பளங்கள் உண்டு. மனாவக் மட்டும் கடலைவிட்டு உள்ளே தள்ளி, நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறது.

அரசுக் கணக்கில் இது ஒரு முனிசிபாலிட்டி. அந்த வார்த்தையைக் கேட்டு நகராட்சி என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் கோயில், சந்தை, ஊராட்சி அலுவலகம் உள்ள ஒரு சின்ன ஊர், அதைச் சுற்றிக் கிராமங்கள். கிராமத்தை அங்கே 'பரங்கை' என்பார்கள். மனாவக்கில் 26 பரங்கைகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 76 ஆயிரம் பேர். கோயில் வாசலில் கூட்டம் நெரியும்போது, பின்தெருவில் யாரோ நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருப்பார்கள். ஊர் அவ்வளவுதான்.

பெயருக்கு என்ன பொருள்?

பங்கசினான் மொழியில் 'தாவக்' என்றால் கூப்பிடுவது. 'மன்தாவக்', அதாவது கூப்பிடுகிறாள் என்பதிலிருந்து மனாவக் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். தகாலொக் மொழியிலும் அழைப்புக்கு 'தவாக்' என்றே பேர், அதனால் மணிலாக்காரர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 'எப்போது போகப் போகிறாய்?' என்று என் சக ஊழியர் ஒருவரைக் கேட்டபோது, 'இன்னும் கூப்பிடவில்லை' என்றார். லீவு கிடைக்கவில்லை என்பதைத்தான் அவ்வளவு அழகாகச் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆண்டு முடிவில் நடக்கும் ஊர்த் திருவிழாவின் பெயர் 'கலிகாயோ'. 'எல்லாரும் வாருங்கள்' என்று பொருள். ஊர்ப் பெயரே கூப்பிடுவது, திருவிழாவின் பெயரோ வாருங்கள் என்பது.

யார் கூப்பிட்டது, யாரைக் கூப்பிட்டது?

கதை இப்படிப் போகிறது. 1610 வாக்கில், நடுவயதுக் குடியானவர் ஒருவர் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு பெண் குரல் அவரைக் கூப்பிட்டது. சுற்றிலும் பார்த்தார், யாரும் இல்லை. அண்ணாந்து பார்த்தால், மேகம் சூழ்ந்த ஒரு மரத்தின் உச்சியில், வலக்கையில் செபமாலையும் இடக்கையில் குழந்தை இயேசுவுமாக மாதா நின்றார். இந்த இடத்தில் எனக்குக் கோயில் கட்டுங்கள் என்றார். அந்த இடம்தான் இன்று கோயில் நிற்கும் மேடு.

கதையில் அந்தக் குடியானவருக்குப் பெயர் கிடையாது. எனக்கு அதில் ஒரு பிடிப்பு உண்டு. புனிதராக்கப்பட்ட ஆளாகவோ பிற்காலத்தில் சிலை வைக்கப்பட்ட ஆளாகவோ அவர் ஆகவில்லை. வயலிலிருந்து வீட்டுக்குப் போனவர், அவ்வளவுதான். கோயிலுக்குள் மாதாவின் புதுமைகளை, அதாவது அற்புதங்களை, சுவரோவியங்களாக வரைந்திருக்கிறார்கள், உள்ளே போனால் நிமிர்ந்து பார்க்க மறக்காதீர்கள்.

கதை சரி, ஆவணத்தில் உள்ள வரலாறு என்ன?

முதலில் வந்தவர்கள் அகுஸ்தினார் சபைத் துறவிகள். 1600-ல் இப்போதைய இடத்திலிருந்து தள்ளி ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். ஊருக்கு அப்போது சாந்தா மோனிகா என்று பேர். 1605-ல் பொறுப்பு தொமினிக்கன் சபையிடம் வந்தது. அந்தச் சபையின் ஹுவான் தெ சான் ஹசிந்தோ என்ற துறவிதான் இங்கே முதலில் பணி செய்தவர்.

அந்த நாளில் சமவெளிக் கிராமங்களுக்கும் கிழக்கு, வடக்கு மலைகளில் வாழ்ந்த பழங்குடிகளுக்கும் ஓயாத சண்டை. ஸ்பானியர் ஆட்சியையும் மதத்தையும் ஏற்காத மலைவாசிகள் இறங்கி வந்து தாக்குவார்கள், தீ வைப்பார்கள். அதற்குப் பயந்துதான் ஊரை மேட்டுப் பகுதிக்கு மாற்றினார்கள் என்று வரலாறு சொல்கிறது. மாதா இடம் காட்டினார் என்று கதை சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே மேடு. இதில் எது சரி என்று அங்கே யாரும் வாதம் பண்ணிக் கேட்டதில்லை. மலையிலிருந்து வந்தவர்களின் பக்கத்துக் கதையை யாரும் சுவரில் வரையவில்லை என்பது மட்டும் ஓவியங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும்.

பெரிய கோயிலின் வேலை 1701-ல் தொடங்கியது. பணம் கொடுத்தவர்கள் மணிலாவிலிருந்து லிங்கயென் ஊருக்குக் குடிவந்த காஸ்பர் தெ கம்போவா, அகாதா யங்தா என்ற செல்வந்தத் தம்பதி. 1880-களில் கோயிலைப் பெரிதாக்க முயன்றார்கள், 1892 நிலநடுக்கம் அந்த வேலையைக் கெடுத்தது. 1898-ல் ஸ்பானியருக்கு எதிரான புரட்சியின்போது கோயில் எரிக்கப்பட்டது. உள்ளே இருந்த மாதாவின் சுரூபம் தப்பியது. கோயிலின் பின்புறம் கிடந்ததைக் கண்டெடுத்து, பக்கத்து ஊரான தகுபனுக்குக் கொண்டுபோய்ச் சில மாதம் வைத்திருந்தார்கள். ஊர் மக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1901-ல் தொமினிக்கன் துறவிகள் திரும்பி வந்தார்கள். இன்று நாம் பார்க்கும் கோயிலின் பெரும்பகுதி அதன் பிறகு, இருபதாம் நூற்றாண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. ஸ்பானியத் துறவிகள் கையிலிருந்த பொறுப்பு 1972-ல் தொமினிக்கன் சபையின் பிலிப்பைன்ஸ் பிரிவுக்கு வந்தது. இன்றும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். மறைமாவட்டக் கணக்கில் இது லிங்கயென்–தகுபன் உயர்மறைமாவட்டம்.

போரில் குண்டு விழுந்ததாகச் சொல்கிறார்களே?

லிங்கயென் வளைகுடா இங்கிருந்து பக்கம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இறங்கியதும் அங்கேதான், 1945 ஜனவரியில் அமெரிக்கப் படை திரும்பி வந்து இறங்கியதும் அங்கேதான். அதனால் இந்தப் பகுதி போரில் நன்றாகவே அடிபட்டது. கோயில் வளாகத்தில் குண்டுகள் விழுந்தன, ஆலயத்தின் மேலேயே விழுந்த ஒன்று வெடிக்கவில்லை என்பது பக்தர்கள் சொல்லும் செய்தி. மாதாவின் புதுமை வரிசையில் அதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

சுரூபம் எப்படி இருக்கும்? அந்த நாட்டில் செய்ததா?

தந்தத்தில் செதுக்கிய சுரூபம், பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடக்கையில் குழந்தை. தந்த முகத்துக்குக் கீழே அகலமாக விரிந்த, சரிகை வேலை செய்த மேலாடை. தலையில் கல் பதித்த கிரீடம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆடைதான் பெரிதாகத் தெரியும், முகம் சின்னது. சுரூபம் பீடத்துக்கு மேலே உயரத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

ஸ்பெயினிலிருந்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகம் வழியாக, மேலே சொன்ன ஹுவான் தெ சான் ஹசிந்தோ இதைக் கொண்டுவந்தார் என்பது மரபு. அந்த வழி ஒன்றும் புதிதில்லை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே பாய்க்கப்பல்கள் ஓடின. பட்டும் பீங்கானும் அந்தப் பக்கம் போக, மெக்சிகோ வெள்ளியும் துறவிகளும் இந்தப் பக்கம் வந்தார்கள்.

1926 ஏப்ரலில், திருத்தந்தை பதினோராம் பயஸின் ஒப்புதலோடு சுரூபத்துக்கு முடிசூட்டு விழா நடந்தது. அப்படிப் பார்த்தால் 2026-ல் அதற்கு நூறு வயது.

'அப்போ பகெட்' என்று கூப்பிடுகிறார்களே, அது யார்?

மாதாவைத்தான். நம் சட்டைப் பாக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பக்கம் பங்கசினான் மொழியோடு இலொகானோ மொழியும் புழக்கத்தில் உண்டு. இலொகானோவில் 'அப்போ' என்பது பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல், 'பகெட்' என்றால் வயதான பெண்மணி. 'பெரிய ஆத்தா' என்று வைத்துக்கொள்ளுங்கள். செபமாலை அன்னை, அரசி என்றெல்லாம் பலகையில் எழுதியிருக்கும். வரிசையில் நிற்கும் கிழவி முணுமுணுப்பது 'அப்போ பகெட்' என்றுதான்.

பசிலிக்கா என்கிறார்கள். அதனால் என்ன வித்தியாசம்?

பசிலிக்கா என்பது திருத்தந்தை ஒரு கோயிலுக்குத் தரும் தகுதி. 2011-ல் இந்தக் கோயிலை ரோமாபுரியின் புனித மரியா பெருங்கோயிலோடு ஆன்மிக உறவில் இணைத்தார்கள். அங்கே போனால் கிடைக்கும் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, இங்கே வந்தாலும் கிடைக்கும் என்பது அதன் சாரம். ரோமுக்கு விமான டிக்கெட் எடுக்க முடியாத குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸை அடக்கம் செய்தது அந்த ரோமாபுரிக் கோயிலில்தான். இந்தக் கோயிலுக்கு 'மைனர் பசிலிக்கா' தகுதி கிடைத்ததும் அவர் காலத்தில்தான். 2014-ல் ஆணை வந்தது, 2015 பிப்ரவரியில் விழா நடத்தி அறிவித்தார்கள்.

இவ்வளவு பேர் எதற்காக வருகிறார்கள்?

2020 கணக்கெடுப்புப்படி பிலிப்பைன்ஸ் மக்களில் 78.8 சதவீதம் பேர் ரோமன் கத்தோலிக்கர். அவர்கள் பேச்சில் 'பனாத்தா' என்ற சொல் அடிக்கடி வரும். நேர்ச்சை என்று தமிழில் சொல்லலாம், ஆனால் பனாத்தா பெரும்பாலும் ஒரு தடவையோடு முடிவதில்லை. வேண்டிக்கொண்டது நடந்தால் ஆண்டுதோறும் வருவேன் என்று சொல்லியிருப்பார்கள். அம்மா சொன்ன பனாத்தாவை அம்மா போன பிறகு மகள் சுமப்பாள். என்னை முதலில் அழைத்துப் போனவர் அப்படித்தான். நேர்ந்துகொண்டது அவருடைய பாட்டி. எதற்காக நேர்ந்துகொண்டார் என்பது குடும்பத்தில் யாருக்கும் இப்போது ஞாபகமில்லை. 'அதனால் என்ன, வாக்கு வாக்குதானே' என்றார்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு பெரிய கூட்டம். சவூதிக்குப் போகும் நர்ஸ், கப்பலில் ஏறும் மாலுமி, ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குப் போகும் பெண். கிளம்புமுன் ஒரு முறை, ஒப்பந்தம் முடிந்து திரும்பியதும் ஒரு முறை. பரீட்சை எழுதுகிறவர்கள், குழந்தை வேண்டுகிறவர்கள், நோயாளிகள் என்று மற்றக் கூட்டமெல்லாம் எந்தத் திருத்தலத்திலும் பார்ப்பதுதான்.

மாதாவின் ஆடையைத் தொடலாம் என்கிறார்களே, எப்படி?

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை போகிறவர்கள் கோயிலுக்குள் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு இதைத் தவறவிட்டு வந்துவிடுவார்கள்.

பீடத்துக்குப் பின்பக்கம் படியேறி மேல்மாடிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் வரிசை படிக்கட்டில் இறங்கி வெளியே வரும். சுரூபத்தின் முதுகுப் பக்கமாகத்தான் நாம் போய்ச் சேருகிறோம். முன்னால் கோயிலுக்குள் நூற்றுக்கணக்கான பேர் முகத்தைப் பார்த்தபடி இருக்க, நாம் மட்டும் பின்னால். கண்ணாடித் தடுப்பில் சின்னத் திறப்பு, அதன் வழியே மேலாடையின் நுனி. தொடலாம். கிடைப்பது சில விநாடிதான்.

அந்தச் சில விநாடியில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு பெரியவர் கைக்குட்டையால் துணியின் ஓரத்தை மெல்லத் துடைத்து, அதை அப்படியே தன் முழங்காலில் வைத்து அழுத்தினார். ஒரு பெண் பாஸ்போர்ட்டை எடுத்து ஒற்றினார். பத்து வயதுப் பையன் ஒருவன் என்ன செய்வதென்று தெரியாமல் விரல் நுனியால் தொட்டுவிட்டு, கையைக் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான், எதுவோ உள்ளே இருப்பதுபோல. எனக்கு முறை வந்தபோது நானும் தொட்டேன். சரிகை கரகரவென்று இருக்கும் என்று நினைத்தேன். ஆயிரக்கணக்கான கைபட்டு மெழுகு தடவினாற்போல வழவழவென்று இருந்தது.

கைக்குட்டை ஒன்று எடுத்துப் போங்கள். கூட வந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அது எதற்கு?

மந்திரிக்க. மனாவக் என்றதும் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது இதுதான். லூசோன் முழுவதிலிருந்தும் புது வண்டி வாங்கியவர்கள் இங்கே ஓட்டிக்கொண்டு வருவார்கள். பம்பரில் இன்னும் கடைக்காரர் ஒட்டிய பிளாஸ்டிக்கூட உரிக்காமல் இருக்கும். திருப்பலி முடிந்ததும் சாமியார் வருவார். கதவு, முன் மூடி, பின் மூடி எல்லாம் திறந்து வைத்திருப்பார்கள், தீர்த்தம் உள்ளேயும் பட வேண்டும் அல்லவா. செபம் சொல்லித் தெளித்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். காருக்கும் டிரைசிகிளுக்கும் ஒரே தெளிப்பு. சரக்கு லாரி வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வண்டி இல்லாதவர்கள் செபமாலை, சுரூபம், வீட்டுச் சாவி, குழந்தை என்று எதை வேண்டுமானாலும் நீட்டுவார்கள். ஒவ்வொரு திருப்பலிக்குப் பிறகும் பொருட்களுக்கு ஆசீர்வாதம் உண்டு.

மெழுகுவர்த்தியை எங்கே ஏற்றுவது?

கோயிலுக்குள் அல்ல. பக்கவாட்டில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. நீள வரிசையில் இரும்புத் தட்டுகள், மேலே கூரை, சுவரெல்லாம் புகை. நூற்றுக்கணக்கில் எரிவதால் கிட்டே போனாலே முகம் சுடும். முன்னால் வைத்தது வளைந்து பின்னால் வைத்ததன்மேல் சாயும், உன் வேண்டுதல் எது என் வேண்டுதல் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒன்றாக உருகும். அதைச் சுரண்டி எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். சின்னக் குழந்தையோடு போனால் ஒருவர் வெளியே நின்றுகொள்வது நல்லது. பின்பக்கமே செபமாலைத் தோட்டமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. மாதாவுக்கு வந்த ஆடைகள், காணிக்கைகள் அருங்காட்சியகத்தில். பக்தர்கள் கொடுத்த சென்ட் பாட்டில்களும் அங்கே உண்டு.

திருவிழா எப்போது?

பெரிய திருவிழா உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டர்) பிறகு வரும் மூன்றாவது புதன்கிழமை. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2026-ல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5, ஆகவே திருவிழா ஏப்ரல் 22. 2027-ல் மார்ச் 28, ஆகவே ஏப்ரல் 14. இது தவிர அக்டோபர் முதல் ஞாயிறு செபமாலை அன்னை விழா. செபமாலைப் பக்தியைப் பரப்பியதில் தொமினிக்கன் சபைக்குப் பெரிய பங்கு உண்டு அல்லவா.

புனித வாரத்திலும், டிசம்பர் 16 முதல் 24 வரை நடக்கும் விடியற்காலைத் திருப்பலி நாட்களிலும் கூட்டம் தாங்காது. மாதத்தின் முதல் சனிக்கிழமை விடியலில் செபமாலைப் பவனி உண்டு. என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். இருட்டில், கையில் மெழுகுவர்த்தியோடு, ஊர் நாய்களும் கூடவே நடக்க, தெருவழியே போகும் அந்தப் பவனியில் ஒரு கிராமத்துக் கோயிலாக இது எப்படி இருந்திருக்கும் என்பது தெரியும்.

மணிலாவிலிருந்து எப்படிப் போவது?

குபாவோ பகுதியில் உள்ள பேருந்து நிலையங்களிலிருந்து தகுபன் போகும் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் சில மனாவக் வழியாகவே போகும், ஏறும்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் உர்தானேத்தாவிலோ தகுபனிலோ இறங்கி, ஷேர் வண்டியாக ஓடும் ஜீப்னி பிடிக்கலாம். பேருந்தில் நான்கு முதல் ஐந்து மணி நேரம். காரில் போனால் விரைவுச்சாலைகள் ஒன்றோடொன்று இணைந்து உர்தானேத்தா அல்லது பினலோனன் வெளியேறும் இடம் வரை கொண்டுவிடும், மூன்று மணி நேரம் போதும். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவதுதான் அந்த ஊர் வழக்கம். தூக்கக் கலக்கம் இருந்தாலும் அதுதான் சரி, மணிலாவை விட்டு வெளியே வருவதற்கே இல்லையென்றால் ஒரு யுகம் ஆகும்.

இந்தியாவிலிருந்து போக விசா வேண்டுமா?

2025 ஜூன் முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவாக 14 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட ஆதாரமும் கேட்பார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு 30 நாள் ஏற்கெனவே உண்டு. விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்குமுன் தூதரக அறிவிப்பை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

நான் கத்தோலிக்கன் இல்லை. போகலாமா?

தாராளமாக. யாரும் கேட்பதில்லை. திருப்பலியில் தரும் அப்பமான நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் நிற்காதீர்கள், அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்கு உரியது. அரைக்கால் சட்டை, கையில்லாச் சட்டை வேண்டாம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. நான் வாசலில் பழக்கதோஷத்தில் கழற்றப் போய், பின்னால் வந்த பாட்டி 'ஏன், கால் வலிக்கிறதா?' என்று கேட்டார்.

வியாபாரிகள் தொல்லை உண்டா?

உண்டு. வண்டி மெதுவாகும்போதே மெழுகுவர்த்திக் கட்டும் பூச்சரமுமாக ஓடி வருவார்கள். 'இங்கே நிறுத்துங்கள்' என்று கை காட்டுகிறவர் கோயில் ஆளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு தடவை அப்படி ஒருவர் காட்டிய இடத்தில் நிறுத்தி, அதற்குக் காசும் கொடுத்து, அப்புறம் பார்த்தால் அது யாரோ ஒருவர் வீட்டு வாசல். வீட்டுக்காரர் வந்து சிரித்துக்கொண்டே எடுக்கச் சொன்னார். முதலிலேயே சிரித்த முகமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள். ஆனால் ஒன்று. அந்த ஊரில் வயலுக்கு அடுத்த பிழைப்பு இதுதான். ஒரு மெழுகுவர்த்தி வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நன்றாக இருக்கும். ஏப்ரல், மே மாத வெயிலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பக்கத்திலுள்ள தகுபனில் உடம்பு உணரும் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிய நாட்கள் உண்டு, நாட்டிலேயே அடிக்கடி செய்தியில் வரும் ஊர் அது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் புயலும். திருவிழா ஏப்ரலில் என்பதால் குடை, தண்ணீர் இல்லாமல் போகாதீர்கள்.

பக்கத்தில் வேறென்ன பார்க்கலாம்?

ஊருக்குள் கோயில் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. மலையேறிப் பாகியோ போகிறவர்கள் போகிற வழியில் இங்கே இறங்கிப் போவார்கள். மேற்கே அலமினோஸ் பக்கம் போனால் நூறு தீவுகள் தேசியப் பூங்கா, லிங்கயெனில் கடற்கரை.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

தகுபன் பங்குஸ் மீனுக்குப் பேர்போனது. நம் பால்கெண்டைதான், முள் அதிகம், கரியில் சுட்டுத் தருவார்கள், ருசி பிரமாதம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை.

சைவக்காரர்கள் ஏமாறும் இடம் 'பினக்பெட்'. பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணி எல்லாம் போட்டுப் பார்ப்பதற்கு நம் வீட்டுக் கூட்டுபோலவே இருக்கும். உள்ளே 'பகோவோங்' என்ற மீன் ஊறல் சேர்த்திருப்பார்கள். லிங்கயென் அதற்குப் பேர்போன ஊர் வேறு. 'இறைச்சி இல்லை' என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மைதான், மீனை இறைச்சியில் சேர்ப்பதில்லை என்பது அவர் கணக்கு. பக்கத்து ஊரான கலாசியாவோவில் செய்யும் 'புத்தோ' கிடைத்தால் வாங்குங்கள். பெயரைக் கேட்டால் புட்டு ஞாபகம் வரும், பார்த்தால் கட்டைவிரல் அளவு இட்லி, வாயில் போட்டால் இனிப்பு. அரிசியை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்தது. இரண்டு பை வாங்கினால் ஒரு பை வண்டி ஏறுமுன் காலியாகிவிடும்.

வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?

செபமாலை, சின்னச் சுரூபம், காரில் தொங்கவிடும் பதக்கம் எல்லாம் கோயில் கடையிலும் தெருக்கடைகளிலும் உண்டு. வாங்கிய கையோடு மந்திரித்துக்கொள்ளுங்கள், அடுத்த திருப்பலி முடியும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டால் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் துப்பிக். இதைக் கடைசியாக, வண்டி ஏறும்போது வாங்க வேண்டும். தெருவோரம் நீளமான தகரத் தொட்டியில் கரி நெருப்பு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பசையுள்ள அரிசி மாவு, தேங்காய்ப் பால், சர்க்கரை, இளந்தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசைந்து, வாழையிலையில் விரல்போல உருட்டி, நெருப்பின்மேல் அடுக்குவார்கள். விசிறிக்கொண்டே கையாலேயே புரட்டுவார் அந்த அம்மா, சுடாது போலிருக்கிறது. இலை முழுக்கக் கறுத்த பிறகுதான் எடுப்பார். கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பதைக் கொடுத்தால் வாங்காதீர்கள், நெருப்பிலிருந்து எடுத்ததைக் கேளுங்கள், இரண்டு நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிரித்தால் இலையின் ஓரத்தில் சர்க்கரை கருகி ஒட்டியிருக்கும், முதலில் அதைச் சுரண்டித் தின்ன வேண்டும். மணிலா போய்ச் சேர்வதற்குள் கெட்டிப்பட்டுவிடும். மறுநாள் இலையோடு தோசைக்கல்லில் போட்டு, சின்னத் தீயில் ஒரு புரட்டு புரட்டினால் மறுபடி இளகிக் கொடுக்கும்.